புகையிலைக் கடனில் ஒரு கல்யாணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஆங்கிலேயர்களின் முதல் குடியேற்றக் காலத்தை வைத்து ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன். 1621 வசந்தத்தில் லண்டனிலிருந்து மணப்பெண்ணாகக் கப்பலேறி வருகிறாள் நாயகி. நாயகன் ஒரு தோட்டத்தில் ஒப்பந்த ஊழியன். துறையிலேயே ஒருவரையொருவர் பார்த்துவிடுகிறார்கள். ஒரு பணக்காரத் தோட்டக்காரர் அவளை ஏலத்தில் எடுக்கிறார். இருவரும் ஓடிப்போய் ஒரு வாரத்துக்குள் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். 1622 புனித வெள்ளியன்று நடந்த செவ்விந்தியர் தாக்குதலில் கதை முடிகிறது. முதல் ஆறு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். வரலாற்றுப் பிழைகள் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இன்னொரு சந்தேகம்: நாயகனை நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவனாக ஆக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

ஆறு அத்தியாயங்களையும் படித்தேன். கப்பல் அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம். கரையிறங்கியதும்தான் கதை 1621ஐ விட்டு நழுவி, சினிமாவில் பார்த்த ஏதோ ஒரு அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது.

முதலில் ஏலம். அப்படி ஒன்று நடக்கவில்லை. காலனியை நடத்திய லண்டன் வணிக நிறுவனமான வர்ஜீனியா கம்பெனி 1620இல் சுமார் 90 பெண்களையும் 1621இல் 57 பெண்களையும் அனுப்பியது. குடும்பமில்லாத ஆண்கள் நாலு காசு பார்த்ததும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள், அவர்களை அங்கேயே வேர்பிடிக்க வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பெண்ணை மணப்பவர் அவளை அனுப்பிய செலவுக்கு ஈடாகப் புகையிலை கட்ட வேண்டும். 1620இல் 120 பவுண்டு. 1621இல் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ முதல் தர இலை. தொகை முன்பே தீர்மானமானது. யாரும் கூட்டிக் கேட்க இடமில்லை. ஒரு பெண் இறந்துபோனால் மட்டும் அவள் தொகையை மற்றப் பெண்களின் தலையில் பிரித்து ஏற்றலாம் என்று கம்பெனி எழுதியிருந்தது. ஏலத்தைவிட இந்தக் கணக்கு கொடூரமானது. பக்கத்தில் காய்ச்சலோடு கிடப்பவள் செத்தால் தன் விலை ஏறும் என்று தெரிந்த ஒருத்தியை எழுதிப் பாருங்கள்.

உங்கள் நாவலுக்கு வேண்டிய முடிச்சும் கம்பெனியின் அதே கடிதத்தில் இருக்கிறது. இந்தப் பெண்களை வேலைக்காரர்களுக்குக் கட்டிவைக்கக் கூடாது. வைத்துக் காப்பாற்ற வசதியுள்ள சுதந்திரக் குடிகளுக்கோ குத்தகைக் குடிகளுக்கோதான் கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆகும்வரை நல்ல குடும்பஸ்தர் வீடுகளில் தங்கவைக்க வேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மணமகனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் கைவைக்கத் தங்களுக்குத் துணிவில்லை என்றும் கம்பெனி சொல்கிறது. எனவே ஒருத்தி ஆசைப்பட்டு, உடனே கட்ட முடியாதவனை மணந்துகொண்டால் தடுக்க வேண்டாம். அவனுக்கு வசதி வந்ததும் முழுப் புகையிலையையும் வசூலியுங்கள், அவனுடைய மற்ற எல்லாக் கடனுக்கும் முன்னால் இந்தக் கடன் வரவேண்டும் என்கிறது.

ஆக, உங்கள் காதலர்கள் ஓடிப்போக வேண்டியதே இல்லை. போகவும் இடமில்லை, ஆற்றங்கரையை விட்டால் காடு. நாயகனை ஒப்பந்த ஊழியன் நிலையிலிருந்து மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். கம்பெனி நிலத்தில் விளைச்சலில் பாதியைக் கம்பெனிக்குக் கொடுத்து ஏழு வருடம் பயிரிடும் குடியானவர்கள் இருந்தார்கள். அவனை அப்படி ஒருவனாக்கினால் அவள் அவனை மணக்கலாம். ஆனால் அவன் பங்குக்கு வரும் பாதி விளைச்சலில் 150 பவுண்டு முதல் தரம் தேறியாக வேண்டும். பணக்காரத் தோட்டக்காரர் வில்லத்தனம் எதுவும் செய்ய வேண்டாம், கையில் இலையோடு வந்து நின்றாலே போதும். அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

நான்காம் அத்தியாயத்தில் ஏப்ரலில் அறுவடை செய்கிறீர்கள். புகையிலையின் வருடம் வேறு. குளிர்காலக் கடைசியில் நாற்றங்கால். விதை தூள் போல இருக்கும், அப்படியே வீசினால் ஒரே இடத்தில் குவியும். சாம்பலோ மணலோ கலந்து தூவுவார்கள். பனிக்குப் பயந்து மேலே மரக்கிளைகளைப் பரப்புவார்கள். முளைத்ததும் துள்ளும் சிறு வண்டுகள் இலையைச் சல்லடையாக்கும், அதனால் தேவைக்கு மேலேயே விதைப்பார்கள். மே மாதம் நல்ல மழைக்குக் காத்திருந்து, மண்வெட்டியால் குவித்த மண்மேடுகளில், மேட்டுக்கு ஒரு நாற்றாக நடுவார்கள். மழை தவறினால் நாற்று முற்றி வீணாகும். பிறகு நுனி கிள்ளுவது, கிள்ளியதும் இலைக் கணுக்களில் வெடிக்கும் பக்கச் சிம்புகளை ஒடிப்பது, களை எடுப்பது, விரல் கனத்தில் இருக்கும் பச்சைப் புழுக்களைக் கையால் பொறுக்கி நசுக்குவது என்று கோடை முழுக்க இடுப்பு ஒடியும். உள்ளங்கையில் ஒட்டும் கறுப்புப் பிசின் லேசில் போகாது. உங்கள் நாயகி முதலில் பார்க்க வேண்டியது நாயகனின் நீலக் கண்களை அல்ல, அந்தக் கைகளை.

ஆகஸ்ட், செப்டம்பரில் வெட்டு. ஆரம்பத்தில் இலையைக் குவியலாகப் போட்டு மூடிப் பாடம் செய்தார்கள் (உலர்த்திப் பக்குவப்படுத்துவது), உள்ளே வெந்து அழுகும். 1610களின் இறுதியில்தான் கயிற்றில் தொங்கவிட்டால் நன்றாகப் பாடமாகிறது என்று கண்டார்கள். உங்கள் கதைக் காலத்தில் அது புதுப் பழக்கம். ஒரு மாதத்துக்கு மேல் கொட்டகையில் தொங்கியபின் இலையை இறக்குவதுதான் கண்டம். காய்ந்த நாளில் தொட்டால் நொறுங்கித் தூளாகும். ஈரம் மிகுந்த நாளில் இறக்கிக் கட்டினால் பூஞ்சை பிடித்து மொத்தக் கட்டும் நாறும். காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறிய நாளில், இலையை விரல் முட்டிகளின் மேல் இழுத்துப் பார்த்தால் கிழியாமல் தோல் போல வளைந்துகொடுக்க வேண்டும். அந்தப் பதம் பகலில் வருமா, நடுராத்திரியில் வருமா என்று சொல்ல முடியாது; வரும்போது தூக்கத்தை விட்டு எழ வேண்டும். காதல் காட்சிக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. இருட்டுக் கொட்டகை, வெளியே தூறல், அவசரம், இலை தவறினால் பெண் தவறுவாள்.

தரம் என்றால் என்ன என்பதும் முக்கியம். 1619இல் முதல் தரத்துக்குப் பவுண்டுக்கு 3 ஷில்லிங், இரண்டாம் தரத்துக்கு 18 பென்ஸ் என்று நிர்ணயித்தார்கள், சரிபாதி (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). அந்த விலையில் 150 பவுண்டு முதல் தரம் 22 பவுண்டு 10 ஷில்லிங் ஆகிறது. எடைக்குப் பவுண்டு, காசுக்கும் பவுண்டு என்பதால் வாசகர் குழம்புவார். நாவலில் எடையை மட்டும் சொல்லுங்கள், போதும்.

அடுத்தது காலம். 1621இல் வந்த பெண்கள் வசந்தத்தில் வரவில்லை. கப்பல்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கிலாந்தை விட்டு வருடக் கடைசியை ஒட்டி வந்து சேர்ந்தன. வசந்தம்தான் வேண்டுமென்றால் 1620க்குப் போய் 120 பவுண்டாக்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் குளிர்காலத்தையே எடுத்துக்கொள்வேன், இலை பாடமாகித் தயாராக இருக்கும் பருவம் அது. கடனைப் பேசும் நேரத்தில் பொருள் கண்ணெதிரே தொங்கும்.

ஒரு வாரத்தில் கல்யாணம் நடக்காது. இங்கிலாந்துத் திருச்சபையின் விதிப்படி மூன்று ஞாயிறோ திருநாளோ தேவாலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். இல்லையென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். கல்யாணம் காலை 8 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் மட்டுமே; உங்கள் மெழுகுவத்தி வெளிச்சக் கல்யாணம் விதியை மீறியது. தவிர, 1619இல் கூடிய வர்ஜீனியாவின் முதல் சட்டசபை, வேலைக்காரப் பெண்கள் பெற்றோர் அல்லது எஜமானர் சம்மதமோ, அந்த இடத்து அதிகாரியும் குருவானவரும் சேர்ந்து தரும் சம்மதமோ இல்லாமல் கல்யாண ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று விதித்தது. பழைய வழக்கத்தைக் கறாராகப் பிடிக்கும் குருவானவரை வைத்தால் கதை இன்னும் இறுகும். அந்தக் குளிர்காலத்தில் டிசம்பர் 2 முதல் ஜனவரி 13 வரை திருவருகை, கிறிஸ்துமஸ் நாட்களுக்கான கல்யாணத் தடை. பிப்ரவரி 17இலிருந்து லெந்துக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) முந்தைய தடை. நடுவே ஒரு மாதம்தான் திறந்திருக்கிறது. அதற்குள் மூன்று ஓலை, 150 பவுண்டு, சம்மதம்.

தாக்குதல் தேதிக்கு வருவோம். 1622 மார்ச் 22, வெள்ளிக்கிழமைதான். ஆனால் புனித வெள்ளி அல்ல. அந்த வருடம் இங்கிலாந்தின் பழைய நாள்காட்டியில் ஈஸ்டர் ஏப்ரல் 21. பல நூல்களில் புனித வெள்ளி என்றே போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம். இன்னொரு பொறி: அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25இல் பிறக்கும். ஆகவே அந்த நாளில் உங்கள் நாயகி கடிதம் எழுதினால் அதில் 1621 என்றுதான் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், ஜேம்ஸ்டவுன் அன்று தப்பிவிட்டது. ஆங்கிலேயரோடு வாழ்ந்த ஓர் உள்ளூர் இளைஞன் முந்தைய இரவில் எச்சரித்ததால் அங்கே ஆயத்தமாக இருந்தார்கள். இறந்த 347 பேரும் ஆற்றோரத் தோட்டங்களில் இருந்தவர்கள். எனவே தம்பதியை ஆற்றின் கீழ்ப்போக்கிலுள்ள மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் குடியேற்றத்துக்கு அனுப்புங்கள். மிக மோசமாக அடிபட்ட இடம் அது. பெண்களைச் சிறைப்பிடித்துப் போனதும் அங்கிருந்துதான். நீங்கள் எழுதியதுபோல இரவில் ஊளையிட்டுக்கொண்டு யாரும் வரவில்லை. காலையில் வழக்கம்போல மான் இறைச்சியும் வான்கோழியும் விற்க வந்தவர்கள், சிலர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், குடியேறிகளின் கருவிகளையே எடுத்துத் தாக்கினார்கள். அந்தப் பகுதிச் செவ்விந்தியரான பவ்ஹாட்டன் மக்களின் தலைவர் ஓப்பெச்சன்கனோ வகுத்த திட்டம் அது. பவ்ஹாட்டன் மக்கள் திருத்தி வைத்திருந்த ஆற்றோர வயல்களைப் புகையிலை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது என்பதைக் கதையின் நடுவிலேயே காட்டிவிட்டால், கடைசி அத்தியாயம் திடீர்ப் பேரிடியாக இல்லாமல் காரணத்தோடு வரும்.

அங்கே கதையை முடிக்கவும் வேண்டாம். ஜேன் டிக்கன்சன் என்ற பெண்ணின் மனு இருக்கிறது. கணவர் தாக்குதலில் கொல்லப்பட்டார், அவர் சிறைப்பட்டார். டாக்டர் ஜான் பாட் என்பவர் இரண்டு பவுண்டு எடையுள்ள பாசிமணிகள் கொடுத்து மீட்டார். மீட்டவர், அந்த மணிக்கும் இறந்த கணவரின் மீதி ஒப்பந்தக் காலத்துக்கும் சேர்த்துத் தன்னிடம் ஊழியம் செய்யச் சொன்னார். இந்த அடிமைத்தனத்துக்கும் முந்தைய சிறைக்கும் வித்தியாசமில்லை என்று 1624இல் ஜேன் ஆளுநரிடம் முறையிட்டார்.

காதல் வேண்டுமென்றால் சிசிலி ஜோர்டன் வழக்கைப் பாருங்கள். 1623இல் கணவர் இறந்த சில நாட்களிலேயே குருவானவர் கிரெவில் பூலி பெண் கேட்டார். சிசிலி அப்போது கர்ப்பிணி. அவர் சம்மதித்துவிட்டதாகப் பூலி ஊரெல்லாம் சொல்ல, அவரோ வில்லியம் ஃபேரரைத் தேர்ந்தெடுத்தார். பூலி வழக்குப் போட்டார். ஆளுநரும் சபையும் முடிவெடுக்க முடியாமல் லண்டனைக் கேட்டார்கள். கடைசியில் பூலி, இனி உரிமை கோரமாட்டேன் என்று 500 பவுண்டு பணத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து ஒதுங்கினார். ஒரே சமயத்தில் இரண்டு ஆண்களுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்று பெண்களுக்கு ஒரு பிரகடனமும் வந்தது. சாவு மலிந்த ஊரில் உண்மையான காதல் கதைகள் பெரும்பாலும் மறுமணக் கதைகள்.

சில்லறைப் பிழைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேநீரை எடுத்துவிடுங்கள், அது இங்கிலாந்துக்கே இன்னும் வரவில்லை. 1621 கோடையில் தேனீ ரீங்காரம் கூடாது. கூடுகளை அந்த டிசம்பரில்தான் கம்பெனி அனுப்பியது. வெள்ளைக் கல்யாண உடை 19ஆம் நூற்றாண்டு வழக்கம். கம்பெனி பெண்ணுக்குக் கொடுத்தது பாவாடை, மேற்சட்டை, இரண்டு உள்ளங்கி, ஏப்ரன், தொப்பி, குல்லா, இரண்டு ஜோடிக் காலணி, காலுறை பின்ன நூல் போன்றவைதான். துணியைப் பெரும்பாலும் குண்டூசியால் குத்தி நிறுத்துவார்கள், எனவே பொத்தான் கழற்றும் காட்சியைத் திருத்துங்கள். வெள்ளைத் தூண் மாளிகையும் வரிசை வரிசையான அடிமைகளும் அடுத்த நூற்றாண்டுக் காட்சி. 1621இல் வீடு என்பது மண்ணில் நட்ட மரக்கால்கள், மண் பூசிய சுவர், ஒன்றோ இரண்டோ அறை. 1619 ஆகஸ்டில் கொண்டுவரப்பட்ட இருபது சொச்ச அங்கோலா மக்களில் சிலர் பெரிய தோட்டங்களில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டமாக அல்ல, பெயரும் குரலும் உள்ள ஒருவராக, ஒருத்தியாகக் கொண்டுவாருங்கள். நாயகியின் அன்றாட வேலை ரொட்டி சுடுவது அல்ல, உரலில் மக்காச்சோளம் இடிப்பது. கோதுமை மாவுக்குப் பழகிய லண்டன் பெண்ணுக்குத் தோள்பட்டை விட்டுப்போகும்.

சோழமண்டலக் கரை நாயகன்: 1635இல் வர்ஜீனியாவில் நிலம் கோரிய ஜார்ஜ் மெனிஃபி தன் ஆட்கள் பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியன்’ என்று ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறார். 1621க்கு அது உதவாது. அந்த நாயகன் மேல் உங்களுக்கு உண்மையாகவே ஆசை என்றால், கதையைப் பதினான்கு வருடம் தள்ளி வேறு நாவலாக எழுதுங்கள். அதில் இந்தப் பெண்களும் கம்பெனியும் இருக்கமாட்டார்கள். 1624இலேயே அரசர் கம்பெனியைக் கலைத்துக் காலனியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

முதலில் தேதிகளைத் திருத்துங்கள். பிறகு நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களைப் புதிதாக எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்