பேஸ்பாலில் குளோசர் என்பவர் யார்? நியூயார்க் யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேராவை வைத்து ஒரு கேள்வி பதில்

கேள்வி: கிரிக்கெட் மட்டும் பார்ப்பவன் நான். ரிலீஃப் பிட்சர் என்றால் டெத் ஓவர் பவுலர் மாதிரியா?

பதில்: பாதி சரி. பேஸ்பாலில் பந்து எறிபவர்தான் பிட்சர். தொடக்க பிட்சரை எடுத்தபின் வருகிற எல்லாருமே ரிலீஃப் பிட்சர்கள்தான். அவர்களில் கடைசி இன்னிங்ஸுக்கென்றே (ஒரு ஆட்டத்தில் ஒன்பது குட்டி இன்னிங்ஸ்) வைத்திருப்பவர் குளோசர். டெத் ஓவர் ஒப்பீடு அவருக்குத்தான் பொருந்தும். ஆனால் பேஸ்பாலில் வெளியே போன பிட்சர் அன்று மறுபடி வர முடியாது. குளோசர் சொதப்பினால், நன்றாகப் போட்டவரைத் திரும்பக் கூப்பிட வழியில்லை.

கேள்வி: 'சேவ்' கணக்கு எப்படி?

பதில்: பெரும்பாலும் இப்படி: அணி மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலையில் இருக்கும்போது வந்து, ஒரு இன்னிங்ஸாவது போட்டு, ஜெயித்து முடித்தால் ஒரு சேவ். 1969-இல் அதிகாரப்பூர்வமானது. என்னைக் கேட்டால் ரொம்பத் தாராளமான விதி. மூன்று ரன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு இன்னிங்ஸை ஓட்டிவிட சுமாரான பிட்சராலும் முடியும்.

கேள்வி: அப்போ ரிவேராவின் 652 சேவ் சும்மாவா?

பதில்: அது அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் சாதனை, சும்மா இல்லை. ஆனால் நான் பார்ப்பது இன்னொரு எண். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான் இ.ஆர்.ஏ.; ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன் இதில் சேராது. வழக்கமான சீசனில் அவருக்கு 2.21. ப்ளேஆஃபில் 0.70! எதிரணி பலமாக ஆக, ஆள் இன்னும் கஞ்சனாகிவிடுகிறார்.

கேள்வி: சின்ன வயதிலேயே அகாடமியில் சேர்ந்தாரா?

பதில்: அகாடமியா! பனாமாவில் புவேர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊர். அப்பாவின் படகில் வேலை. பால் அட்டைப்பெட்டியைக் கையுறையாக்கி விளையாடிய பையன். 1990-இல் நியூயார்க் யாங்கீஸ் ஒப்பந்தம் செய்தபோது வயது 20. 1992-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. 1995-இல் தொடக்க பிட்சராக இறக்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அடுத்த ஆண்டு குளோசர் ஜான் வெட்டெலாண்டுக்கு முன்னால் வந்து போட்டார். அவர் போனதும் 1997-இல் அந்த இடம் இவருக்கு. தொடக்க பிட்சராகத் தேறாதவர்கள் இந்த வேலைக்கு வந்து சேர்வது சகஜம்தான்.

கேள்வி: ஒரே பந்தை வைத்துக் காலம் தள்ளினாராமே?

பதில்: ஏறக்குறைய. அதுதான் கட்டர். 1997-இல் சக பிட்சர் ராமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது தானாக விலக ஆரம்பித்தது. முதலில் அதை நேராக்கத்தான் பார்த்தார்கள்! நேரே வருவதுபோல் வந்து கடைசி நொடியில் இடது கை பேட்டரின் கைப்பக்கம் திரும்பும். மட்டையின் ஒல்லியான பகுதியில் பட்டு, மட்டையே முறியும். வரப்போவது தெரியும், அடிக்கத்தான் முடியாது.

கேள்வி: தோற்றதே இல்லையா?

பதில்: 2001 வேர்ல்ட் சீரிஸ், அதாவது சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்; அரிசோனாவோடு ஏழாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் யாங்கீஸ் 2-1 முன்னிலை. பேட்டர் மெல்லத் தட்டிவிட்ட ஒரு 'பன்ட்' பந்தை ரிவேரா எடுத்து, ஓடி வருபவரை அவுட்டாக்க இரண்டாவது பேஸுக்குத் தவறாக எறிந்தார். அப்புறம் ஸ்கோர் சமன். பிறகு அரிசோனா பேட்டர் லூயிஸ் கொன்சாலஸ். கட்டர் வழக்கம்போல மட்டையின் ஒல்லிப் பக்கத்தில்தான் பட்டது. ஆனால் ரன்னைத் தடுக்க ஃபீல்டர்கள் முன்னால் வந்து நின்றிருந்தார்கள். பந்து மெதுவாக எழும்பி யாங்கீஸ் ஃபீல்டர் டெரெக் ஜீட்டருக்குப் பின்னால் விழுந்தது. கோப்பை அரிசோனாவுக்கு. பந்தில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இந்த வேலையில் எவ்வளவு காலம் தாங்கலாம்?

பதில்: பலருக்குச் சில வருடங்கள்தான்; கை ஓய்ந்துவிடும். 2012 மே மாதம், கன்சாஸ் சிட்டியில் ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் பந்தைத் துரத்தியபோது ரிவேராவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்போது வயது 42. திரும்பி வந்து 2013-இல் 44 சேவ் எடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.