நாலு கேள்வி வித்தியாசம்

கேள்வி: என் மகன் இரண்டாவது முறையாக குரூப் 4 எழுதியும் வேலை கிடைக்கவில்லை. அவனைவிட நாலு கேள்வி குறைவாகச் சரி செய்த எஸ்.சி. பையன் வி.ஏ.ஓ. ஆகிவிட்டான். அந்தப் பையனின் அப்பா பள்ளி ஆசிரியர். நான் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாங்கள் பி.சி.தான், ஆனால் வசதி கிடையாது. சாதியை விட்டுவிட்டு வருமானம் பார்த்து ஒதுக்கீடு கொடுத்தால் என்ன?
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: நாலு கேள்வி என்றால் ஆறு மதிப்பெண். தூக்கம் வராதுதான். ஆனால் ‘பி.சி.தான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் 26.5 உங்கள் பட்டியலுக்கு, பி.சி. முஸ்லிம்களுக்குத் தனியாக 3.5. உங்கள் மகனும் ஒதுக்கீட்டு வரிசையில் நின்றவன்தான். மிச்சம் 31 பொதுப்போட்டி, அதிலும் அவனுக்கு வழி உண்டு. அவனுக்குக் கிடைத்திருந்தால் ‘பையன் ராப்பகலாகப் படித்தான்’ என்றுதான் தெருவில் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பையனும் படித்துத்தான் இருப்பான்.

கணக்கு எழுதுகிறவர் நீங்கள், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-இல் குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். எஸ்.சி.க்கு 18, எஸ்.டி.க்கு 1 என்று இருக்கும் 19 சதவீதத்தை நாளைக்கே ரத்து செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். புதிதாகத் திறக்கிற இடம் ஏறக்குறைய 1,190. அதில் ஒரு பங்கை எஸ்.சி. பிள்ளைகளே மதிப்பெண்ணால் எடுத்துவிடுவார்கள். மீதிக்கு, உங்கள் மகனுக்கு முன்னால் எத்தனை ஆயிரம் பேர் நிற்கிறார்கள்? 20 லட்சம் பேரை வரச்சொல்லிவிட்டு 6,244 நாற்காலி போட்டவர்கள் மேல் வரவேண்டிய கோபம், பக்கத்தில் நிற்கிற பையன் மேல் வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி எஸ்.சி., எஸ்.டி. இரண்டும் சேர்ந்து மாநில மக்கள்தொகையில் 21 சதவீதம் என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, வருமானம். இது புது யோசனை இல்லை. 1979-இல் எம்.ஜி.ஆர். செய்து பார்த்தார். ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டிய பிற்படுத்தப்பட்டோருக்குச் சலுகை கிடையாது என்று ஆணை போட்டார். அடுத்த ஜனவரியில் மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க. ஜெயித்தது இரண்டு. (தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கை கோத்திருந்ததும் ஒரு காரணம்.) ஆணையை வாபஸ் வாங்கி, பி.சி. ஒதுக்கீட்டை 31-இலிருந்து 50 ஆக்கிவிட்டார் மனிதர். அன்று கொதித்தது எஸ்.சி. மக்கள் இல்லை. இன்றைக்கும் மாநில அரசு வேலைகளில் பி.சி.க்கு வருமான வரம்பு கிடையாது. உங்கள் பட்டியலில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் மகனும் உங்கள் மகனும் ஒன்றுதான். அவரை விட்டுவிட்டு வாத்தியார் மகனைப் பிடித்திருக்கிறீர்கள்.

2019-இல் மத்திய அரசும் ‘ஏழைகளுக்கு’ என்று 10 சதவீதம் கொண்டுவந்தது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஏழை. அப்போது வருமான வரிக்கான அடிப்படை விலக்கு வரம்பே இரண்டரை லட்சம்தான். ஆக, வரி கட்டுகிறவரும் ஏழை. ஆனால் ஏற்கெனவே ஒதுக்கீடு உள்ள சாதிகளுக்கு அது கிடையாது என்பதால், கூலிக்குப் போகும் அருந்ததியர் அந்த ஏழைக் கணக்கில் வரமாட்டார். மளிகைக் கடையில் கணக்கு எழுதும் பி.சி.யும் வரமாட்டார்.

அப்புறம், வி.ஏ.ஓ. வேலை வெறும் சம்பளமா? 1980 நவம்பர் வரை கிராமங்களில் முன்சீப்பும் (மணியக்காரர்) கர்ணமும் (கணக்குப்பிள்ளை) இருந்தார்கள். அப்பாவுக்குப் பிறகு மகன் என்பதுதான் பல ஊர்களில் நடைமுறை. எந்த வீட்டு மகன் என்பது அவன் பிறக்கும்போதே ஊருக்குத் தெரியும். அந்தப் பதவிகளை ஒழித்த பிறகுதான் வி.ஏ.ஓ. வந்தார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அடங்கல் (சாகுபடிக் கணக்கு) நகலுக்காக நான் ஒரு வி.ஏ.ஓ. அலுவலகத்தில் காத்திருந்தேன். உள்ளே வந்த பெரியவர் ஒருவர் மனுவை வி.ஏ.ஓ.வாக இருந்த இளைஞர் கையில் கொடுக்கவில்லை. மேசை ஓரத்தில் வைத்துவிட்டு விரலால் தள்ளினார். ‘தம்பி, சீக்கிரம் போட்டுக் குடு’ என்றார். வி.ஏ.ஓ. படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, எழுந்து நின்று நீட்டினார். இந்த முறை மேசையில் வைக்கவில்லை. பெரியவர் கையை நீட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. பிறகு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, தன் தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர் என்றும், கர்ணம் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்றே பேசியவர் என்றும் அந்த வி.ஏ.ஓ. சொன்னார். அந்தப் பெரியவர் பணக்காரராகத் தெரியவில்லை. இந்த வி.ஏ.ஓ.வைவிட அவருக்கு வருமானம் குறைவாகவே இருக்கும். மேசை ஓரத்தில் மனுவை வைத்தது வருமானம் பார்த்தா?

ஒதுக்கீட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டியலுக்குள்ளேயே முந்திக்கொள்கிறவர்களும் பின்னால் நிற்கிறவர்களும் உண்டு. அதனால்தான் 2009-இல் எஸ்.சி.யின் 18-க்குள் அருந்ததியருக்கு 3 தனியாகப் பிரித்தார்கள். அப்படிப் பிரிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் பட்டியலையும் இப்படிப் பிரித்துப் பார்க்கச் சொன்னால், நான் உங்கள் பக்கம்.

இதற்கிடையில் அலுவலகத்துக்கு அலுவலகம் கணினி இயக்குபவர், ஓட்டுநர், காவலாளி என்று வெளிமுகமையில் ஆள் எடுக்கிறார்கள், தொகுப்பூதியத்துக்கு. அங்கே இனச்சுழற்சியும் (ஒதுக்கீட்டு வரிசைமுறை) கிடையாது, நாலு கேள்வி வித்தியாசமும் கிடையாது; ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்தவரா என்பதுதான் தகுதி. உங்கள் மகன் உட்கார வேண்டிய நாற்காலிகளில் பல அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றி ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் முதல் கேள்வியாகப் போடுகிறேன்.