ரெயின் பேண்ட் போட்டும் ஷூ நனைகிறதா?

மும்பையில் செம்பூரிலிருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு பைக்கில் போகும்போது ரெயின் பேண்ட் போட்டும் சாக்ஸ் நனைகிறது, தொடையும் ஈரமாகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

பேண்டின் நுனியை ஷூ கவருக்குள் செருகுகிறீர்களோ? அப்படியென்றால் காலில் வழிகிற தண்ணீர் நேராக ஷூவுக்குள்தான் போகும். கவர் உள்ளே, பேண்ட் அதற்கு மேலே வரட்டும். உட்கார்ந்தால் பேண்ட் மேலே ஏறும், அதனால் கடையில் முழங்காலை மடக்கிப் பார்த்து நீளமாகவே வாங்குங்கள்.

தொடை நனைவதற்குக் காரணம் மடியில் தேங்கும் தண்ணீர். பேண்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் மேல் ஒட்டியிருக்கும் டேப் பெரும்பாலும் கவட்டில்தான் முதலில் உரியும். சீம் சீலர் (தையல் வழியே தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) தடவலாம், ஆனால் என்னைக் கேட்டால் புதுசு வாங்குவதே மேல். ரெயின் கோட்டை பேண்டுக்குள் செருகாதீர்கள், வெளியே தொங்கட்டும். மும்பை புழுக்கத்தில் கொஞ்சம் ஈரம் வியர்வையாகவும் இருக்கும், அதற்கு வழியில்லை.

ஆபீஸில் ஒரு ஜோடி சாக்ஸும் செருப்பும் வையுங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஊறியதும் மாற்றுங்கள்.

அப்புறம், கிங்ஸ் சர்க்கிள் மாதிரி இடங்களில் தேங்கிய வெள்ளத்தில் கால் வைத்தால், அதுவும் காலில் புண் இருந்தால், எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.