விண்மீனுக்கு வால் ஏன் முளைக்கிறது?

கேள்வி: 130 மில்லிமீட்டர் குறுக்களவும் 650 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். வீட்டு மாடியில் விண்மீன்கள் புள்ளியாகத்தான் தெரிந்தன. ஏற்காட்டுக்கு எடுத்துச் சென்றபோது ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வால் முளைத்தாற்போல் இருந்தது. கண்ணாடி கெட்டுவிட்டதா? பின்புறத் திருகுகளை நானே தொடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: கண்ணாடி கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியபடி மலையேறிய குழாயில், அடியிலுள்ள குழியாடியோ, மேலே சாய்ந்து நிற்கும் சிறிய தட்டையாடியோ இம்மியளவு நகர்ந்திருக்கும். உங்கள் கருவியின் குவியத் தூரம் குறுக்களவைப் போல ஐந்து மடங்கே என்பதால், பழுதற்ற பிம்பம் விழும் இடம் ஒளியச்சை, அதாவது குழியாடியின் நடுவிலிருந்து நேராகச் செல்லும் கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. எட்டு மடங்கு உள்ள கருவியில் அது 11 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆடி சற்றுச் சாய்ந்தாலும் அந்தச் சிறு வட்டம், நாம் கண்வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸின் நடுவை விட்டு விலகிவிடும்.

திருகுகளைத் தாராளமாகத் தொடலாம். ஆனால் அதற்கு முன், ஒரு விண்மீனைப் பார்வைப் புலத்தின் நட்டநடுவில் நிறுத்திப் பாருங்கள். நடுவில் கூர்மையாக இருந்து, ஓரத்து விண்மீன்களுக்கு மட்டும் வெளிநோக்கி வால் இருந்தால், அது அந்த ஆடி வடிவத்தின் இயல்பு. எந்தத் திருகாலும் அதை மாற்ற முடியாது. நடுவிலும் வால் இருந்தால்தான் ஒளியச்சு விலகியிருக்கிறது என்று பொருள். பிம்பம் முக்கோணமாகத் தெரிந்தால் குழியாடியைப் பிடித்திருக்கும் கவ்விகள் இறுகியிருக்கின்றன. பிம்பம் ஓயாமல் அலைந்தால், பெரும்பாலும் ஆடி இன்னும் ஆறவில்லை: சேலத்திலிருந்து ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரமாதலால் அங்கே காற்று ஏழெட்டுப் பாகை குளிர்ந்திருக்கும், ஆடியோ அடிவாரத்து வெப்பத்தைச் சுமந்து வந்திருக்கும். குழாயை ஒரு மணி நேரம் வெளியில் திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகே மற்றவற்றைச் சோதிக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டுத் திருகுகளோடு மல்லுக்கட்டுவோரே மிகுதி.

முதல் சீரமைப்பைப் பகலிலேயே செய்துவிடலாம். குழாயைக் கிடைமட்டமாக வையுங்கள். கை தவறி, திருகைத் திருப்பும் ஆலன் கீ விழுந்தாலும் குழியாடிமேல் விழாது. ஐபீஸை எடுத்துவிட்டு, நடுவில் நுண்துளையிட்ட மூடியை அங்கே பொருத்துங்கள். பழைய ஃபிலிம் டப்பாவின் அடியில் துளையிட்டும் பயன்படுத்தலாம். துளை வழியே பார்க்கையில் தட்டையாடிக்குள் குழியாடி முழுதாகவும், அதன் மூன்று கவ்விகளும் தெரியும்படி, தட்டையாடியின் மூன்று சிறு திருகுகளைச் சரிசெய்யுங்கள். பிறகு, பின்புறத்திலுள்ள பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, சீரமைப்புத் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, துளையின் பிம்பத்தைக் குழியாடியின் மையக் குறிக்குள் கொண்டுவாருங்கள். அப்போதும் தட்டையாடியின் நிழலுரு, குழியாடி இருக்கும் பக்கமாகச் சற்றுத் தள்ளியே தெரியும். இவ்வகைக் கருவியில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். அதையும் நடுவுக்குக் கொண்டுவர முயன்றால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும்.

இறுதித் தீர்ப்பை விண்மீனே சொல்ல வேண்டும். அசையாமல் நிற்கிறது என்பதால் துருவ விண்மீனைப் பயன்படுத்தும்படி மேலைநாட்டுக் கையேடுகள் சொல்லும். நமக்கு அது பொருந்தாது: சேலத்தில் அது சேர்வராயன் மலைமுகட்டுக்கு மேலே, தொடுவானிலிருந்து 12 பாகை உயரத்தில்தான் நிற்கிறது, அவ்வளவு தாழ்வில் காற்றின் கலக்கமே பிம்பத்தைக் கெடுத்துவிடும். மகம் விண்மீனையே நான் பரிந்துரைப்பேன். சேலத்தின் அகலாங்கும், வான நடுவரையிலிருந்து மகம் வடக்கே விலகியிருக்கும் கோணமும் ஏறத்தாழ 12 பாகையே ஆதலால், அது நம் உச்சந்தலைக்கு மிக அருகில் கடந்து செல்கிறது. ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பது மணியளவில் அங்கே இருக்கும். 5 மில்லிமீட்டர் ஐபீஸில் 130 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். குவியத்தைச் சற்றுக் கலைத்தால் புள்ளி வளையங்களாக விரியும். அவை ஒரே மையத்தைச் சுற்றி அமைய வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால், குழியாடியின் திருகு ஒன்றை மிகச் சிறிதளவு திருப்பி, விண்மீனை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து, முன்னைவிட மேலா கீழா என்று பாருங்கள். கீழானால் வந்த வழியே திருப்புங்கள். மோட்டார் இல்லாத கருவியில் விண்மீன் ஓரிரு நிமிடத்துக்குள் புலத்தைக் கடந்துவிடும் என்பதால், திருகைத் திருப்ப ஒருவரும் ஐபீஸில் கண்வைக்க இன்னொருவரும் இருப்பது நல்லது.

கேள்வி: ஆடிகளை இப்படிச் சீரமைக்க, ஐபீஸ் இடத்தில் பொருத்தும் லேசர் கருவி வாங்குவது அவசியமா?
– வாசகர், ஆத்தூர்.

பதில்: அவசியமில்லை. விலை குறைந்த லேசர்கள் பலவற்றில் கதிரே தன் உறைக்குள் கோணலாக அமைந்திருக்கும். அதை நம்பிச் சரிசெய்தால் ஆடிகளும் கோணலாகும். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதைப் பொருத்திய நிலையிலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். குழியாடியில் விழும் செம்புள்ளி இருந்த இடத்திலேயே நின்றால் பயன்படுத்தலாம். வட்டமிட்டால் முதலில் லேசரையே சரிசெய்ய வேண்டும். எந்த நிலையிலும் கதிருக்கு நேரே கண்ணை வைக்காதீர்கள்.