மாநிறமான எனக்கு ‘இலையுதிர்கால’ நிறங்கள் பொருந்துமா? எதை உடுத்துவது, எந்த லிப்ஸ்டிக் வாங்குவது?

பொருந்தலாம். ஆனால் மாநிறம் என்பதை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. பொருந்தும் நிறங்களை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் இந்த முறை 1980களில் அமெரிக்காவில் பிரபலமானது. அது முதலில் பார்ப்பது தோலின் அடிச்சாயலை (மேல்நிறத்துக்கு அடியில் தெரியும் சாயல்): மஞ்சள் சாய்ந்தால் வசந்தம், இலையுதிர்காலம், நீலம் சாய்ந்தால் கோடை, குளிர்காலம்.

மேக்கப் இல்லாமல், பகலில் ஜன்னலோரம் நில்லுங்கள் (டியூப்லைட் ஏமாற்றும்). தூய வெள்ளைத் துணியையும் சந்தன நிறத் துணியையும் மாறிமாறிக் கழுத்தடியில் பிடியுங்கள். கண்ணடிக் கருமை எதில் குறைவாகத் தெரிகிறதோ, அதுதான் உங்கள் பக்கம். சந்தனம் என்றால் மஞ்சள் சாயல்; இலையுதிர்கால நிறங்களான கடுகு மஞ்சள், செங்கல் நிறம், பாசிப்பச்சை, உதட்டுக்குச் செம்பழுப்பு. வெள்ளை என்றால் நீலச் சாயல்; மெஜந்தா, ராயல் ப்ளூ. உதட்டுக்கு நாவற்பழ நிறம். ஃபவுண்டேஷனைத் தாடையோரம் பூசிப் பார்த்து வாங்குங்கள்.

அதற்காகப் பிடித்த கறுப்புச் சேலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; முகத்தருகே வரும் ரவிக்கை நிறத்தை மாற்றினாலே போதும்.