வாய் திறக்காத மணிக்கூடு: இலத்திரனியல் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன். எங்கள் வயலுக்கு இரணைமடுத் தண்ணீர் வருகிறது. வாய்க்காலில் எந்த நேரம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பதிவு செய்ய ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் ஒரு கருவி செய்தேன். ஊனோவும் பற்றரியும் மோட்டர்க் கொட்டிலுக்குள் இருக்கின்றன. டிஎஸ்3231 மணிக்கூடும் நீர்மட்ட உணரியும் வாய்க்கால் ஓரத்துக் கட்டையில், ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள். இடையில் 6 மீற்றர் நெற்வேர்க் கேபிள். வீட்டு மேசையில் ஒழுங்காக ஓடியது. வயலில் சில வேளைகளில் நேரம் 165:165:85 என்று பதிகிறது. நேரத்தை வாசிக்கும் வேலையை இன்டரப்டுக்குள், அதாவது மணிக்கூட்டின் அலாரம் அடித்ததும் இடையில் புகுந்து ஓடும் நிரல் துண்டுக்குள், போட்டால் சரியாகும் என்று நண்பன் சொன்னான். போட்டேன். இப்போது முதல் அலாரத்தோடு கருவி அப்படியே உறைந்து போகிறது.
– வாசகர், முரசுமோட்டை

பதில்: தம்பி, உம்மிடம் இருந்தது ஒரு பிழை. நண்பன் இரண்டாவதைச் சும்மா தந்திருக்கிறான்.

முதலில் அந்த 165. பேய்க்கணக்குப் போலத் தெரிந்தாலும் நோய் எங்கே என்று அந்த எண்ணே சொல்கிறது. மணிக்கூடு பதில் தராவிட்டால் ஊனோவின் கையில் மிஞ்சுவது எட்டு பிட்டும் 1 ஆக உள்ள பைட், அதாவது 255. டிஎஸ்3231 நேரத்தைப் பத்தின் இடத்துக்கு நான்கு பிட், ஒன்றின் இடத்துக்கு நான்கு பிட் என்று பிரித்து வைத்திருக்கும். இரண்டு இடத்திலும் 15 நின்றால் 150 + 15 = 165. செக்கனில் மட்டும் மேல் பிட்டை நிரல் வெட்டிவிடும்; அங்கே 70 + 15 = 85. ஆக, உமது மணிக்கூடு பிழையான நேரம் சொல்லவில்லை. அது வாயே திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? 6 மீற்றர்தான் காரணம் என்பது என் எண்ணம். மணிக்கூடும் ஊனோவும் பேசுவது ஐ2சி என்ற முறையில், எஸ்டிஏ (தரவு), எஸ்சிஎல் (துடிப்பு) என்ற இரண்டு கம்பிகளில்; பல சில்லுகள் பகிரும் இந்தக் கம்பிகளைத்தான் பஸ் என்பார்கள். அந்த முறையை பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் கொண்டுவந்தது, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒரு சில்லு அடுத்த சில்லோடு பேசுவதற்கு. சாண் கணக்குத் தூரம். அந்த இரண்டு கம்பிகளையும் எந்தச் சில்லும் மேலே (5 வோல்ற்றுக்கு) தள்ளுவதில்லை. பேசுகிறவர் கீழே இழுப்பார், பிறகு விட்டுவிடுவார். திரும்ப மேலே கொண்டுவருவது தடையியின் வேலை. நெற்வேர்க் கேபிளுக்கு மீற்றருக்கு ஏறக்குறைய 50 பிக்கோ பரட் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) உண்டு. 6 மீற்றருக்கு 300, சில்லுகளின் கால்களையும் சேர்த்து 320 என்று வையும். உமது மணிக்கூட்டுப் பலகையில் பெரும்பாலும் 4.7 கிலோ ஓம் தடையிகள்தான் இருக்கும். தடையியையும் கொள்ளளவத்தையும் பெருக்கி 0.85 ஆல் பெருக்கினால் கம்பி எழும்ப எடுக்கும் நேரம் வரும்: ஏறக்குறைய 1.3 மைக்ரோ செக்கன். 100 கிலோ ஹேர்ட்ஸ் வேகத்தில் அதற்கு அனுமதி 1 மைக்ரோ செக்கன் மட்டுமே. மேசையில் கம்பி ஒரு சாண், அதனால் ஓடியது.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு இரவு நிரலைத் திட்டித் திட்டித் திருத்தினேன். பிறகு ஒருவரிடம் அலைகாட்டி இரவல் வாங்கிக் கம்பியில் வைத்துப் பார்த்தால், புதிதாக வெட்டிய வரம்பு போல நெட்டுக்கு நிற்க வேண்டிய அலை, மாரி மழையில் கரைந்த வரம்பு போலச் சரிந்து கிடந்தது. பற்றரி கிடைக்காத 1990களில், சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்ட காலத்தில், இந்தத் தொல்லை எனக்கு இருந்ததில்லை. பெட்டி இரைந்தால் நேரே கம்பியைத்தான் பார்ப்போம். குற்றம் சாட்ட அப்போது நிரல் என்று ஒன்று இருக்கவில்லை.

செய்ய வேண்டியது இது. ஊனோவின் பக்கத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் 5 வோல்ற்றுக்கு இன்னொரு 4.7 கிலோ ஓம் தடையி போடும். இரண்டும் பக்கம் பக்கமாக நின்று 2.35 ஆகும்; எழும்பும் நேரம் 0.64 மைக்ரோ செக்கனுக்கு இறங்கும். நல்லதுதானே என்று இன்னும் இன்னும் குறைக்க வேண்டாம். 5 வோல்ற்றில் 1.5 கிலோ ஓமுக்குக் கீழே போனால் 3 மில்லி அம்பியருக்கு மேல் ஓடும், அதைக் கீழே இழுத்துப் பிடிப்பதாகச் சில்லு வாக்குக் கொடுக்கவில்லை. கேபிளுக்குள் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் ஒரே முறுக்குச் சோடியில் விடாதீர். ஒவ்வொன்றையும் ஒரு நிலக்கம்பியோடு சோடி சேரும்.

வேகத்தையும் இறக்கலாம். ஊனோவின் 16 மெகா ஹேர்ட்ஸை, 16உம் டிடபிள்யூபிஆர் என்ற பதிவகத்தில் (சில்லுக்குள் எண் வைக்கும் சிறு அறையில்) உள்ள எண்ணின் இரு மடங்கும் சேர்ந்த தொகையால் பிரித்தால் பஸ்ஸின் வேகம். அந்த எண் 72 என்றால் 100 கிலோ ஹேர்ட்ஸ், 152 என்றால் 50. தண்ணீர் அளக்கிற வேலைக்கு 50 தாராளம். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: மணிக்கூட்டுக்கு வாய்க்கால் கரையில் என்ன வேலை? அதைக் கொட்டிலுக்குள் கொண்டுவாரும். உணரி மட்டும் வெளியே நிற்கட்டும்.

இனி நண்பன் தந்த பிழை. இன்டரப்ட் என்பது படலையில் யாரோ கூப்பிடுவது. கையில் உள்ள வேலையை விட்டுப் போய், வந்தவர் யார் என்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஊனோவில் உள்ள சில்லு இப்படி எழுந்து போகும்போது, திரும்பி வரும்வரை வேறு யாரும் கூப்பிடாதபடி படலையைப் பூட்டிவிடும். நீரோ அங்கே நின்றுகொண்டு வயர் என்ற நூலகத்தை (ஐ2சிக்கான ஆயத்த நிரலை) கூப்பிட்டு நேரம் கேட்கிறீர். அந்த நூலகம் ஒவ்வொரு பைட்டையும் வாங்குவதே தன்னுடைய இன்னொரு இன்டரப்டின் வழியாகத்தான். படலையைப் பூட்டிவிட்டுத் தபால்காரர் எப்போது உள்ளே வருவார் என்று காத்திருந்தால் எப்படி வருவார்?

இன்டரப்டுக்குள் ஒரே ஒரு வரி போதும்: ‘அலாரம் வந்தது’ என்று ஒரு மாறியை 1 ஆக்கும். அந்த மாறிக்கு வோலடைல் (எப்போதும் மாறக்கூடியது) என்று அறிவிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பைலர் பழைய பெறுமதியையே கையில் வைத்துக்கொண்டிருக்கும். நேரம் வாசிப்பது, உணரியைக் கேட்பது, எழுதி வைப்பது எல்லாம் வெளியே, பிரதான வட்டத்துக்குள் (லூப்). சில மில்லி செக்கன் பிந்தியதை வாய்க்கால் கவனிக்காது.

கேள்வி: அதே டிஎஸ்3231 மணிக்கூடுதான். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்தேன். முதல் தடவை இன்டரப்ட் வருகிறது, பிறகு வருவதே இல்லை. ஊனோவின் 2ஆம் காலில் (பின் 2) விழும் விளிம்புக்கு, அதாவது கம்பி மேலிருந்து கீழே விழும் கணத்துக்கு, வைத்திருக்கிறேன்.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: அலாரம் அடித்ததும் மணிக்கூடு அந்தக் கம்பியைக் கீழே இழுத்து, பிடித்தபடியே நிற்கும். ‘கண்டேன்’ என்று நீங்கள் சொல்லும்வரை விடாது. கீழேயே கிடக்கும் கம்பி மறுபடி எப்படி விழும்? நிலைப் பதிவகத்தில் அலாரக் கொடியின் (அலாரம் அடித்ததைக் காட்டும்) பிட்டுக்கு 0 எழுதினால் கம்பி மேலே போகும். எழுதும் இடம் பிரதான வட்டம், இன்டரப்டுக்குள் அல்ல. காரணம் மேலே சொன்ன தபால்காரர். விளிம்புக்குப் பதிலாகத் தாழ்ந்த மட்டத்துக்கு மாற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கம்பி கீழே கிடக்கும்வரை இன்டரப்ட் மேல் இன்டரப்டாக வந்து பிரதான நிரலை நகரவே விடாது.

அடுத்த அலாரம் எப்போது என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் என்று தானாகத் திரும்பும் வசதி இந்தச் சில்லில் இல்லை.

கேள்வி: நூலகம் இல்லாமல், ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லுக்கு நானே ஐ2சி டிரைவர் (ஐ2சியை இயக்கும் நிரல்) எழுதுகிறேன். முதல் இன்டரப்ட் வந்ததும் எஸ்சிஎல் கம்பி 0இல் நின்றுவிடுகிறது.
– பொறியியல் பீட மாணவி, அறிவியல் நகர்

பதில்: மகள், கம்பியைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் சில்லேதான். ஐ2சியில் ஒரு படி முடிந்ததைக் காட்டும் டிடபிள்யூஇன்ட் என்ற கொடி எழுந்து நிற்கும்வரை அது எஸ்சிஎல்லை விடாது. மற்றப் பல இன்டரப்டுகளின் கொடி உள்ளே நுழைந்ததும் தானாக விழும், இது விழாது. விழுத்துவதற்கு அதில் 1 எழுத வேண்டும். ஆம், 1. ஒட்டுசுட்டான் வாசகரின் மணிக்கூட்டுக்கு 0, உங்கள் சில்லுக்கு 1. இரண்டையும் வடிவமைத்தவர்கள் ஒரு மேசையில் தேநீர் குடித்திருந்தால் நமக்கு இந்தத் தலையிடி இருந்திராது.

வரிசையும் முக்கியம். கொடியை விழுத்திய கணமே அடுத்த பைட்டின் வேலை தொடங்கிவிடும். ஆகவே நிலையை வாசிப்பது, தரவுப் பதிவகத்தில் எழுதுவது எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும். கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் வேறு ஏதோ ஒரு பிட்டை மாற்ற நினைத்து ‘அல்லது’ (|=) செயலியால் எழுதினால், ஏற்கெனவே எழுந்து நிற்கும் கொடியும் 1 ஆகவே திரும்ப எழுதப்பட்டு, உங்களை அறியாமல் விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் முழுப் பெறுமதியையும் நேரே எழுதுங்கள்.

கேள்வி: இந்த ஐ2சி கம்பிகளுக்கு ஏன் பஸ் என்று பெயர்? தமிழில் என்ன சொல்லலாம்? என் மாணவர்களின் டிஎஸ்3231 மணிக்கூடும் எம்பியு-6050 அசைவு உணரியும் தனித்தனியே வேலை செய்கின்றன, ஒன்றாகப் பூட்டினால் குழப்புகின்றன. அதையும் சொல்லுங்கள்.
– ஆசிரியர், மல்லாவி

பதில்: எல்லோருக்கும் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லின் வால்தான் பஸ். ஏ9 வீதியில் ஓடுவதற்கும் இதற்கும் பெயர் வந்த வழி ஒன்றே. பாட்டை என்று பாடநூல்கள் எழுதும், நல்ல சொல். ஆனால் என் கடைக்கு வருகிற எவரும் பாட்டை பழுதாகிவிட்டது என்று சொன்னதில்லை.

நடத்துநர் ‘மாங்குளம்’ என்று கூவினால் மாங்குளத்துக்காரர் இறங்குவார், கிளிநொச்சிக்குப் போகிறவர் அசையமாட்டார். உங்கள் பஸ்ஸில் இரண்டு பேர் ஒரே பெயருக்கு எழும்புகிறார்கள்: இரண்டு சில்லுக்கும் முகவரி 104. மணிக்கூட்டின் முகவரியை மாற்ற முடியாது. எம்பியு-6050 பலகையில் ஏடி0 என்ற காலை 3.3 வோல்ற்றுக்குப் பூட்டுங்கள். அதன் முகவரி 105 ஆகிவிடும். நிரலிலும் 105 என்று மாற்ற மறக்க வேண்டாம்.