பதில்: கழுத்துக் கருமையும் சர்க்கரை 108-ம்

தம்பி, கழுத்துக் கருமை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, லேபில் நார்மல் என்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள், அது அழுக்கு இல்லை. தோல் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்தால் பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்புதான். தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. ரத்தத்தில் மிகும் அந்த இன்சுலின்தான் தோலைத் தடிக்க வைக்கிறது.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை நார்மல் கிடையாது, சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள், நம்மூர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை.

அப்புறம், உங்கள் ராத்திரி கொத்து பரோட்டா, அதற்கு மேல் ஜிகர்தண்டா. மதுரைக்காரரிடம் விடச் சொல்வது பாவம்தான், ஆனாலும் குறையுங்கள். சாப்பிட்டபின் தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.